இழுப்பு நின்ற மறுநாள்

கார்வேட்டிநகரத்தில் ஒருவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வந்தால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. சித்தூர் பக்கமோ, அதை ஒட்டிய திருத்தணி, ஆற்காடு பக்கமோ, எந்தச் சிற்றூரிலும் அதேதான் நடக்கிறது. வெந்நீரில் ஆவி பிடிப்பார்கள், மிளகுக் கஷாயம் வைப்பார்கள், முதுகை நீவிவிடுவார்கள். தாங்க முடியாமல் போனால் விடிவதற்குள் ஆட்டோ பிடித்துப் புத்தூருக்கோ சித்தூருக்கோ ஓட்டம். அங்கே ஒரு டெரிபிலின் ஊசி, டெகாட்ரான் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று, முகமூடி மாட்டி நெபுலைசரில் பத்து நிமிஷம். நெஞ்சு இளகும். ஐந்து நாளைக்கு மாத்திரையும் அவசரத்துக்கு ஒரு நீல இன்ஹேலரும் எழுதித் தருவார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவர் மாந்தோப்பில் மருந்தடிக்கவோ நகரியில் தறி ஓட்டவோ கிளம்பிவிடுவார். பேச வேண்டியது அந்த மறுநாளைப் பற்றித்தான். ஆஸ்துமாவில் இழுப்பு வரும், போகும், நோய் போவதில்லை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சி, இழுப்பே இல்லாத நாட்களிலும் அங்கேயே இருக்கிறது. அதைத் தொடாமல் இழுப்பை மட்டும் அடக்கும் சிகிச்சை அரைகுறையானது. சில வேளைகளில் ஆபத்தானதும்கூட.

எலும்பு முறிந்தவர்களைச் சென்னையிலிருந்துகூட வரவழைக்கும் புத்தூர் கட்டு இந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முறிந்த எலும்பு கூடிவிட்டால் கட்டைப் பிரித்துப் போட்டுவிடலாம், கதை முடிந்தது. ஆஸ்துமாவையும் நாம் அப்படித்தான் கையாள்கிறோம். அதன் விலை என்ன என்பதை எண்கள் சொல்கின்றன. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பதாகவும், உலகின் ஆஸ்துமா இறப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான் நிகழ்வதாகவும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. நம்முடைய ஆஸ்துமா மற்றவர்களுடையதைவிடக் கொடியது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கோட்டயம், மைசூரு, புனே, கொல்கத்தா உள்ளிட்ட ஒன்பது இடங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று காரணத்தைக் காட்டிவிட்டது. மூச்சிரைப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப்பட்டவர்களிலும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினசரி எடுத்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. நோயின் பெயரைச் சொன்னால் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று வீடு பயப்படுகிறது. சொன்னால் அடுத்த முறை வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்று மருத்துவர் தயங்குகிறார். இருவருக்கும் வசதியாக அது 'சளி', 'அலர்ஜி', 'வீசிங்' என்றே சீட்டில் ஏறுகிறது.

அந்த உள்சுவரில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் அவற்றின் சாப்பாடு. உண்ணியைவிட அதன் எச்சம்தான் சிக்கல். எச்சத்தில் டெர் பி 1 என்ற நொதி இருக்கிறது. உண்ணியின் குடலில் புரதத்தை வெட்டும் வேலை அதற்கு. படுக்கையை உதறும்போது எழும் தூளில் அது மூச்சுக்குழாய்க்குள் போய், உள்தோலின் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரதத்தையும் வெட்டிவிடுகிறது. சேதமடைந்த செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 போன்ற அபாயச் செய்திகளை வெளியிடுகின்றன. அதைக் கேட்டு வரும் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை, குடற்புழு நுழைந்துவிட்டால் தருவது போன்ற ஒரு பதிலடியைத் தொடங்குகிறது. இன்டர்லூக்கின்-4 கிடைத்ததும் பி செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் சுரக்கின்றன. அது மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதே தூசி மறுபடி வருவதற்காகக் காத்திருக்கிறது. 1960களின் கடைசியில் ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகாக்களும் ஸ்வீடனின் ஜோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த புரதம் இது.

மறுபடி தூசி வந்ததும் இரண்டு காட்சிகள் அரங்கேறுகின்றன. முதலாவது சில நிமிஷங்களிலேயே: மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினையும் லியூகோட்ரைன்களையும் கொட்டுகின்றன, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, ஓரிரு மணி நேரத்தில் தளர்கிறது. நோயாளி அறிவது இதைத்தான். இரண்டாவது காட்சி நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து, பலருக்குத் தூக்கத்தில் நடக்கிறது. இன்டர்லூக்கின்-5 அழைப்பு விடுக்க ரத்தத்திலிருந்து ஈசினோபில்கள் வந்து குவிகின்றன. அவை கக்கும் புரதங்கள் உள்தோலை உரித்து நரம்பு முனைகளை வெளியே காட்டிவிடுகின்றன. இன்டர்லூக்கின்-13 சளிச் செல்களைப் பெருக்குகிறது. சுவர் வீங்குகிறது, பசை போன்ற சளி குழாயை அடைக்கிறது. ஆரோக்கியமானவருக்கே மூச்சுத்திறன் விடியற்காலையில்தான் மிகக் குறைவு என்பதால் அடி அப்போது விழுகிறது. இப்படி ரணமான குழாய்க்குப் பிறகு தூசிகூடத் தேவையில்லை. குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, மிளகாய் தாளிக்கும் நெடி, வாய்விட்ட சிரிப்பு எதுவும் போதும். நோயாளி பனியைக் குற்றம் சொல்கிறார், தாளிப்பைக் குற்றம் சொல்கிறார். அவை தீக்குச்சிகள் மட்டுமே. இழுப்பில்லாத லேசான ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயிலிருந்து துளித் திசு எடுத்துப் பார்த்தபோதும் ஈசினோபில்கள் இருந்தன, உள்தோலுக்கு அடியில் உள்ள படலம் தடித்திருந்தது. ஆஸ்துமாவில் இறந்தவர்களின் நுரையீரலை அறுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதோ சளியால் இறுக அடைபட்ட குழாய்களை.

எல்லா ஆஸ்துமாவும் இந்தப் பாதையில் வருவதில்லை. உடல் பருமனோடு, நடுவயதில், ஒவ்வாமை ஏதுமின்றி வருவது உண்டு. அங்கே ஈசினோபில் குறைவு, ஸ்டீராய்டும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனாலும் குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் பெரும்பான்மை மேலே சொன்ன வகைதான்.

இப்போது நீல இன்ஹேலருக்கு வருவோம். அதில் இருப்பது 1969இல் சந்தைக்கு வந்த சல்பியூட்டமால். தசையின் மேலுள்ள பீட்டா-2 ஏற்பியைத் தொட்டு ஐந்து நிமிஷத்துக்குள் குழாயைத் திறந்துவிடும். உயிர் காக்கும் மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் அது முதல் காட்சியை மட்டும் கலைக்கிறது. ஈசினோபில், வீக்கம், சளி எதையும் தொடுவதில்லை. தினமும் அடித்துக்கொண்டே இருந்தால் ஏற்பிகள் குறைந்து, குழாயின் கூச்சம் இன்னும் கூடுகிறது. இவ்வகை மருந்துகளை மட்டும் நம்பியதன் கதை மருத்துவ வரலாற்றில் இரண்டு முறை நடந்திருக்கிறது. 1960களில் செறிவு கூட்டிய ஐசோபிரினலின் இன்ஹேலர் பிரிட்டனில் பரவியபோது, சிறுவர்கள் உட்பட ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. 1976இல் ஃபெனட்டெரால் வந்த பின் நியூசிலாந்தில் அதே கதை. 1989இல் ஆய்வாளர்கள் தொடர்பைச் சுட்டிக்காட்ட, அந்த மருந்து கட்டுப்படுத்தப்பட்டதும் இறப்பு இறங்கியது. எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் முப்பதாயிரம் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலர் குப்பிக்கும் இறப்பு வீதம் 21 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் இறப்பு கூடியது. 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திய பின் வரும் மூன்று மாதம் அதுதான்.

சுவாசம் எளிதானதை உடல் உணர்வதும், குழாய் உண்மையில் திறந்திருப்பதும் ஒன்றில்லை என்பதை 2011இல் அமெரிக்காவில் ஒரு சிறு சோதனை அழகாகக் காட்டியது. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் சல்பியூட்டமால், வெற்று இன்ஹேலர், பொய்யான அக்குபங்சர் ஆகியவற்றைத் தந்தார்கள்; சில நாட்களில் எதுவுமே தரவில்லை. மூச்சு அளவு சல்பியூட்டமாலுக்கு 20 சதவீதம் உயர்ந்தது. மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம் அளவில் நின்றது. ஆனால் 'தேவலாம் போலிருக்கிறது' என்ற மதிப்பீட்டில் மருந்தும் பொய் மருந்தும் ஏறக்குறைய சமம். ஆண்டுதோறும் மிருகசீரிஷக் கார்த்தியன்று ஹைதராபாத்தில் பத்தினி குடும்பத்தார் உயிருள்ள குட்டி விரால் மீனின் வாயில் மஞ்சள் பசையை வைத்து விழுங்கக் கொடுக்கும் வைபவத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1845இலிருந்து தருவதாக அக்குடும்பம் சொல்கிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து விழுங்கி, 45 நாள் பத்தியம் இருக்கச் சொல்கிறார்கள். போய்வந்து நன்றாக இருப்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தானே ஏறி இறங்கும் நோயில், மிக மோசமாக இருக்கும்போது எதைச் செய்தாலும் அடுத்து வருவது இறக்கமாகத்தான் இருக்கும். மூன்று ஆண்டுக்குள் ஒரு நல்ல வருஷம் வராமல் போவது அபூர்வம். பல குழந்தைகளுக்கு வளரும்போது இழுப்பு தானே அடங்கவும் செய்கிறது. அந்தப் பசையின் பலனைச் சொல்ல வேண்டுமென்றால், விழுங்கியவர்களையும் விழுங்காதவர்களையும் ஊதவைத்து அளக்க வேண்டும்.

அளப்பதுதான் நோயறிதலின் உயிர். ஆஸ்துமாவின் அடையாளமே மாறிக்கொண்டிருப்பது. ஸ்பைரோமெட்ரி கருவியில் முழு மூச்சையும் ஊதவைத்து, சல்பியூட்டமால் கொடுத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைக்கிறார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் ஒரு முறை சரியாக இருந்ததை வைத்து நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லா ஊரிலும் ஸ்பைரோமீட்டர் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. திருப்பதி ரூயா மருத்துவமனைக்கும் ஸ்விம்ஸுக்கும் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதற்கு விடை பிளாஸ்டிக் குழல் போன்ற பீக் ஃப்ளோ மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மின்சாரம் வேண்டாம். இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி நோட்டில் குறித்துவந்தால், பெரியவர்களுக்கு அன்றாட ஏற்ற இறக்கம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டுவதே ஆஸ்துமாவைச் சுட்டும். அதே நோட்டு இன்னொன்றும் சொல்லும். தறி ஓடும் நாளில் அளவு விழுந்து, விடுமுறையில் எழுந்தால், காரணம் வீட்டில் இல்லை, வேலையில் இருக்கிறது.

இழுப்பெல்லாம் ஆஸ்துமாவா என்ற கேள்விக்கு இந்த மண்ணிலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தில், டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட்-மோலரும் அவருடைய சகா பார்ட்டனும் விசித்திரமான நோயாளிகளைக் கவனித்தார்கள். காசநோய் என்று அனுப்பப்பட்டவர்கள். இரவில் இருமலும் இழுப்பும், எக்ஸ்ரேயில் புள்ளிகள், ரத்தத்தில் எக்கச்சக்கமான ஈசினோபில், சளியிலோ காசக் கிருமி இல்லை. காசநோய் வேஷம் போட்ட இந்த நிலையை 1940இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் எழுதினார்கள். 1943இல் வெய்ன்கார்ட்டன் என்பவர் லான்செட்டில் அதற்கு 'ட்ராபிக்கல் ஈசினோபிலியா' என்று பெயரிட்டார். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் மாட்டிக்கொள்ள, உடல் அளவுமீறிப் பதிலடி கொடுப்பதால் வருவது அது என்று பின்னால் தெளிவானது. டைஎதில்கார்பமசைன் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இழுப்பு அடங்கும். ஆஸ்துமா என்று வருஷக்கணக்கில் வைத்தியம் பார்க்கப்பட்டவர்களில் இவர்களும் இருந்தார்கள். நேர்மாறாக, ரத்தச் சீட்டில் ஈசினோபில் கொஞ்சம் கூடியதைப் பார்த்தே சாதாரண ஆஸ்துமாக்காரருக்குப் புழு மாத்திரை எழுதும் பழக்கமும் வளர்ந்தது. விறகடுப்பின் முன் நாற்பது வருஷம் நின்ற பெண்ணுக்கு வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பும், இதயம் தளர்ந்தவரின் இரவு மூச்சுத்திணறலும் இதே இழுப்பாகத்தான் காதில் விழும். அளக்காமல் பெயரிடும் தவறு நமக்கு மட்டும் உரியதில்லை: கனடாவில் ஆஸ்துமா என்று முத்திரை பெற்ற 600க்கும் மேற்பட்ட பெரியவர்களை மறுபடி சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு அப்போது ஆஸ்துமாவே இல்லை என்று 2017இல் தெரிந்தது.

ஈசினோபிலியா கதைக்குச் சென்னையில் ஒரு தொடர்ச்சி உண்டு. அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி. கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும், மூன்று வார மாத்திரை முடித்துத் தேறிய நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்து 1990இல் எழுதினார்கள். அறிகுறிகள் தணிந்த பலரிடம் மெல்லிய அழற்சி அப்படியே இருந்தது. வேறு நோய், வேறு காரணம்; ஆனால் மூச்சுக்குழாயின் நிலையை நோயாளியின் சொல்லை மட்டும் வைத்து எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு சான்று கிடைக்காது.

இந்தப் புரிதலின்மேல்தான் இன்றைய படிப்படியான சிகிச்சை நிற்கிறது. ஜினா என்றழைக்கப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, 2019இல், 12 வயதும் அதற்கு மேலும் ஆன யாருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்று அறிவித்தது. மாற்றாக முன்வைத்தது, புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெரால் என்ற தசைத்தளர்த்தியும் சேர்ந்த ஒரே இன்ஹேலர். ஃபார்மோட்டெரால் நீல மருந்தைப் போலவே சில நிமிஷத்தில் வேலை செய்யும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இழுப்பு வந்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் கூடவே அழற்சிக்கான மருந்தும் உள்ளே போகிறது. நோயாளிக்கு ஒழுக்கம் இருக்கிறதா இல்லையா என்பதை நம்பி இது நிற்கவில்லை. லேசான நோய்க்குத் தேவைப்படும்போது ஒரு உறிஞ்சல். வாரத்தில் பெரும்பாலான நாட்களில் தொந்தரவு இருந்தால், அல்லது இரவில் எழுப்பினால், தினமும் காலை மாலை ஒன்று, தேவைக்கு மேற்கொண்டு அதே இன்ஹேலர். அதற்கும் அடங்காவிட்டால் தினசரி அளவு இரட்டிப்பாகும். அதற்கும் மேலே டியோட்ரோப்பியம், ஐஜிஇயையோ இன்டர்லூக்கின்-5ஐயோ டிஎஸ்எல்பியையோ குறிவைக்கும் ஊசிகள்; அவை விலை மிகுந்தவை, வெகுசிலருக்கே தேவைப்படுபவை. படியேறும் முன் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் முறையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் ரோட்டாஹேலரில் போட வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குபவர்கள்கூட உண்டு. ஃபார்மோட்டெராலுக்குப் பதில் சால்மெட்டெரால் என்ற தசைத்தளர்த்தி சேர்ந்த இன்ஹேலர் மெதுவாகத் தொடங்குவதால் அவசரத்துக்கு உதவாது. கடுமையான இழுப்பில் ஆக்ஸிஜனும் நெபுலைசரில் சல்பியூட்டமாலும் ஸ்டீராய்டும் இன்றைக்கும் மருத்துவமனைக்குரியவையே. சிறு குழந்தைகளுக்குக் கணக்கு வேறு.

2018இல் வெளியான சிக்மா என்ற பெரிய சோதனையில், தேவைப்படும்போது மட்டும் இந்தக் கூட்டு இன்ஹேலரை எடுத்தவர்களுக்கு, தசைத்தளர்த்தியை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான இழுப்பு 64 சதவீதம் குறைந்தது. தினசரி ஸ்டீராய்டு எடுத்தவர்களோடு ஒப்பிட, அவர்கள் உள்ளிழுத்த ஸ்டீராய்டு ஆறில் ஒரு பங்குதான். அன்றாட அறிகுறிக் கட்டுப்பாட்டில் தினசரி மருந்தே ஒரு படி மேலாக இருந்தது. ஆகவே அடிக்கடி இரைப்பவருக்குத் தினசரி அளவைத் தவிர்க்க இது சாக்காகாது.

ஸ்டீராய்டு என்றாலே பயப்படுபவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அது தப்பான இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. இழுப்பு வந்தபோது தரும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளைக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளைக்கு 200 மில்லிகிராம். இன்ஹேலரில் தினம் 200 மைக்ரோகிராம் புடசோனைடு எடுப்பவர் அந்த எடையை எட்ட ஆயிரம் நாள் ஆகும். மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் புடசோனைடு வீரியம் மிக்கது என்பது சரி. ஆனால் அது குழாயிலேயே வேலை செய்கிறது. விழுங்கிய பங்கில் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடுகிறது. மாத்திரையோ ஊசியோ உடம்பெல்லாம் போகிறது. வாழ்நாளில் நாலைந்து முறை எடுத்தாலே நீரிழிவு, எலும்பு மெலிவு, கண்புரை ஆகியவற்றின் அபாயம் கூடத் தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை ஊசிக்கு ஓடுபவர்தான் ஸ்டீராய்டில் மூழ்கியிருக்கிறார். இன்ஹேலருக்குப் பக்கவிளைவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. குழந்தைப் பருவத்தில் பல ஆண்டு புடசோனைடு எடுத்தவர்கள் வளர்ந்தபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததாக 2012இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரும். இழுப்பால் இறப்பதோடு ஒப்பிட்டு இந்த விலையை ஒவ்வொரு பெற்றோரும் எடைபோட்டுக்கொள்ளட்டும். 'ஒரு தடவை ஆரம்பித்தால் விட முடியாது' என்பது இன்னொரு பேச்சு. விட முடியாதது நோய்தான்; மூன்று மாதம் இழுப்பில்லாமல் போனால் ஒரு படி இறங்கச் சொல்வதும் அதே வழிகாட்டிதான்.

எஞ்சுவது காசு. டெரிபிலின் மாத்திரை சில ரூபாய், இன்ஹேலர் சில நூறு. தினக்கூலிக்காரர் மலிவானதைத் தேர்ந்தெடுப்பது வெறும் அறியாமையில்லை. 2022ஆம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடசோனைடு-ஃபார்மோட்டெரால் இருக்கிறது, அதனால் விலைக்கு உச்சவரம்பும் இருக்கிறது. ஆனால் 2007இல் ஆந்திரத்தில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ போன்ற அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கட்டுபவை. இழுப்பு வந்து படுத்தால் அரசு கட்டும். படுக்காமல் பார்த்துக்கொள்ளும் குப்பியை வீடு வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்த மாத்திரை மாதாமாதம் தருவது போல இதையும் தந்தால், ராத்திரி ஆட்டோக்களில் பாதி ஓடாது. அதுவரை நெபுலைசர் முகமூடியைக் கழற்றும் மருத்துவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நீல இன்ஹேலர் எழுதும் இடத்தில் கூட்டு இன்ஹேலரை எழுதி, எப்படி உறிஞ்சுவது என்று ஒரு முறை செய்துகாட்டி, ஒரு வாரத்திலும், பிறகு அவ்வப்போதும் குப்பியோடு திரும்பி வரச் சொல்வது. 120 உறிஞ்சல் கொண்ட குப்பி, நாளைக்கு இரண்டு என்றால் 60 நாள் வரும். ஒரு மாதத்தில் தீர்ந்திருந்தால் உறிஞ்சும் முறையைப் பார்த்துவிட்டுப் படியேற்ற வேண்டும். நாலு மாதமாகியும் தீராமல் இருந்தால் அவர் இழுப்பு வந்த நாட்களில் மட்டும்தான் அதைத் தொடுகிறார்.